நண்டில் இருக்கும் ஆர்சனிக் வேறு, கிணற்றில் இருக்கும் ஆர்சனிக் வேறு

மீன் தின்கிற எவருடைய சிறுநீரைச் சோதித்தாலும் ஆர்சனிக் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வரி தெரியாமல் எங்கள் குடும்பத்தில் நாலு பேர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்கள்.

என் நாத்தனார் பாம்பனில் இருக்கிறாள். அவள் மகன் வளைகுடாவில் தாமிரம் உருக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறான். லீவு முடிந்து போய் இறங்கியதும் கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல். யூரினில் ஆர்சனிக் லிட்டருக்கு 300 மைக்ரோகிராமுக்கு மேல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. பயல் அதை அப்படியே படம் பிடித்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அதோடு விட்டானா, இணையத்தில் தேடி, ‘மரபணுவைச் சிதைக்கும், புற்றுநோய் வரும்’ என்று எதையோ படித்து அதையும் அனுப்பியிருக்கிறான். அவனுக்கு அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தோம்.

நாத்தனார் முதல் பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“மதினி, இவனுக்குப் பொறக்கப் போற பிள்ளைக்கும் இது ஒட்டுமா?”

“ஊருக்குப் போறதுக்கு முந்தி என்னத்தச் சாப்பிட்டான்?” என்று கேட்டேன்.

என்ன கேள்வி இது என்பது போலப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: கிளம்பின அன்று நண்டு. முந்தின நாள் கணவாய். அதற்கு முந்தி, கல்யாண மாப்பிள்ளை ஆயிற்றே என்று அவன் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த சிங்கி இறால். போகும்போது பெட்டியில் ஒரு கட்டு கருவாடு.

அவ்வளவுதான் விஷயம். நண்டு, இறால், கணவாய், மீன் எல்லாவற்றிலும் ஆர்சனிக் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மமாக இருக்கிறது. 1977இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் சிங்கி இறாலில்தான். உடம்பு இதை உடைப்பதில்லை, எதிலும் சேர்ப்பதில்லை. ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இறங்கி, ஓரிரு நாளில் வந்த உருவத்திலேயே வெளியே போய்விடும். மொத்த ஆர்சனிக் பார்க்கிற கருவிக்கு மட்டும் இது தெரியாது. நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டுவிடும். அதனால்தான் இந்தச் சோதனைக்கு முன்னால் மூன்று நாலு நாளாவது கடல் உணவைத் தொடக்கூடாது என்று சொல்ல வேண்டும். அங்கே யாரும் அவனிடம் சொல்லவில்லை. பாம்பன்காரன் யூரினை எடுத்து மொத்த ஆர்சனிக் பார்த்தால் வேறென்ன வரும்?

ஒரு வாரம் கோழியும் பருப்பும் தின்றுவிட்டு, இந்த முறை ஆர்சனிக்கை வகை பிரித்துப் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்கச் சொன்னேன். சாதாரண அளவுதான் வந்தது. நாத்தனார் தங்கச்சிமடம் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். பயலுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. போன் பண்ணி, “அப்ப நெட்ல போட்டிருக்கிறதெல்லாம் பொய்யா அத்தை?” என்றான்.

பொய்யில்லை. அவன் படித்தது வேறு ஆர்சனிக்கைப் பற்றி. அவன் ஆலையில் தாதுப் புழுதியிலும் புகையிலும் இருக்கக்கூடியதும் அந்த வேறு ஆர்சனிக்தான். ஆகவே முகமூடியைக் கழற்றாதே என்றேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கனிம ஆர்சனிக் என்பார்கள். ஆர்சனைட், ஆர்சனேட் என்று இரண்டு முகம் அதற்கு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, தண்ணீரில் கரைந்தால் ருசியும் கிடையாது. என் சித்தப்பா எல்லைப் பாதுகாப்புப் படையில் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் பக்கம் சில வருடம் இருந்தவர். அங்கே வயற்காட்டு ஆட்களின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்ப்புக் காய்ப்பாகத் தடித்திருக்கும், நெஞ்சிலும் முதுகிலும் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் இருக்கும் என்று சொல்வார். அது தொழுநோய் என்று நினைத்துப் பெண் கொடுக்காமல், கிணற்றடியில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த குடும்பங்கள் உண்டு. 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா இது தொற்று இல்லை, குழாய்க் கிணற்றுக் குடிதண்ணீரில் இருக்கும் ஆர்சனிக் என்று கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர், முடி, நகம் எல்லாம் சேகரித்துச் சோதித்தார்.

கொடுமை என்னவென்றால், அந்தக் குழாய்க் கிணறுகள் நல்ல எண்ணத்தில் போட்டவை. குளத்துத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1970களில் வங்கதேசம் முழுக்கக் குழாய் இறக்கினார்கள். இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில், இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் இருந்தது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் அந்த இரும்பைக் கரைக்க, ஆர்சனிக்கும் தண்ணீருக்கு வந்துவிட்டது. ஆலைக்கழிவும் இல்லை, எவனும் விஷம் கலக்கவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கான அளவை 1993இல் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. வங்கதேசத்தின் வரம்பு இன்றும் 50தான்.

சரி, மரபணுவை என்ன செய்கிறது?

ஆர்சனிக் டி.என்.ஏ.வை அரிக்கிறது, வெட்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் வரும். நிஜத்தில் கனிம ஆர்சனிக் டி.என்.ஏ.வோடு நேரடியாக வினைபுரிவதில்லை. ஒரு பொருள் மரபணுவில் பிழை உண்டாக்குமா என்று பாக்டீரியாவில் பார்க்கும் வழக்கமான சோதனை ஒன்று இருக்கிறது. ஆர்சனிக் அதில் பாஸ் ஆகிவிடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பட்டியலில் இருக்கிற ஒன்று, அந்தச் சோதனையில் நல்ல பிள்ளையாக வெளியே வருகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சோதனைக்கூடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

எங்கள் கடற்கரையில் இருந்தே சொல்கிறேன். கடலுக்குப் போன வலை கிழியாமல் திரும்பாது. பாறையில் மாட்டும், நண்டு கடிக்கும். சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து பொத்துவார்கள், மறுநாள் வலை கடலுக்குப் போகும். டி.என்.ஏ.வும் தினம் கிழிவதுதான். வெயில் கிழிக்கும், பீடிப்புகை கிழிக்கும், மூச்சு விடுவதில் உண்டாகும் கழிவே கிழிக்கும். ஒவ்வொரு செல்லிலும் பொத்துகிற புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆர்சனிக் வலையைக் கிழிக்க வருவதில்லை. பொத்துகிறவர்களின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிவிடுகிறது.

எப்படிப் பிடுங்குகிறது என்பதும் தெரிந்திருக்கிறது. பழுது பார்க்கும் புரதங்கள் பலவற்றில் துத்தநாக அணு ஒன்றைக் கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் பிடித்து, புரதத்தை விரல் போல மடக்கி வைத்திருக்கும். அந்த விரலால்தான் அவை டி.என்.ஏ.வைத் தடவிக் கிழிசலைக் கண்டுபிடிக்கின்றன. ஆர்சனைட்டுக்குக் கந்தகம் என்றால் உயிர். அது வந்து துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். விரல் கோணிவிடும். டி.என்.ஏ. இழை அறுந்ததும் முதலில் ஓடிவந்து சத்தம் கொடுக்கும் பார்ப்-1 என்ற புரதம் இப்படி மாட்டுகிறது. வெயில் காயத்தை வெட்டியெடுத்துச் சரிசெய்யும் வேலையில் இருக்கும் எக்ஸ்.பி.ஏ. மாட்டுகிறது. மிகக் குறைந்த அளவிலேயே மாட்டுகிறது என்பதுதான் பயம்.

ஆகவே ஆர்சனிக் தனியாக வேலை செய்வதைவிடக் கூட்டாளியோடு சேர்ந்து செய்வதுதான் அதிகம். முடியில்லாத எலிகளை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீரில் ஆர்சனைட் மட்டும் கொடுத்த எலிகளுக்குத் தோலில் கட்டி வரவில்லை. புற ஊதாக் கதிர் மட்டும் பட்ட எலிகளுக்கு வந்தது. இரண்டும் சேர்ந்தவற்றுக்கு, கதிர் மட்டும் பட்டவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மனிதர்களிலும் இதே கதைதான். ஆர்சனிக் தண்ணீர் குடிக்கிறவர் பீடி சிகரெட்டும் பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக எகிறுகிறது. மருமகனிடம் முகமூடியைச் சொன்னேனே, அதைவிட அழுத்திச் சொன்னது சிகரெட்டை. அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கிழிப்பதில் அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. செல்லுக்குள் வினைமிகு ஆக்சிஜனைப் பெருக்குகிறது. அது டி.என்.ஏ.வின் குவானின் எழுத்தைத் துருப்பிடிக்க வைக்கும். அப்படித் துருப்பிடித்து வெட்டியெறியப்பட்ட துண்டு சிறுநீரில் வருவதை அளக்கவும் முடியும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர் இழைகளையும் ஆர்சனிக் குழப்புகிறது. ஒரு பக்கம் ஒன்று கூடும், மறு பக்கம் ஒன்று குறையும்.

எனக்குப் பிடித்த சாட்சி நுண்கரு. குரோமோசோம் உடைந்து ஒரு துண்டு பின்தங்கிவிட்டால், செல் பிரிந்தபின் அது பெரிய கருவுக்குள் சேர முடியாமல் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டாகத் தனியே நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணாலேயே எண்ணலாம். மண்ணீரல் எடுத்தவர்களின் ரத்த ஸ்லைடில், சிவப்பணுவுக்குள் ஹோவெல்-ஜாலி என்ற ஊதாப் பொட்டு தெரியும். அது எங்களுக்குப் பழக்கம். ஏறத்தாழ அதே சங்கதிதான் இதுவும், இடம்தான் வேறு. ஆர்சனிக் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்களிலும், சிறுநீரில் உதிர்ந்து வரும் சிறுநீர்ப்பைச் செல்களிலும் இந்தப் பொட்டு கூடுதலாக இருக்கிறது. சிறுநீர்ப்பை ஏன் இவ்வளவு அடி வாங்குகிறது என்றால், உடம்பு வெளியேற்றும் ஆர்சனிக் அங்கேதான் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. சிலியில் சிலருக்குக் குடிதண்ணீரை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 8 வாரத்தில் அந்தப் பொட்டுகள் குறைந்தன. வைத்தியம், மருந்து எதுவும் இல்லை, நல்ல தண்ணீர் மட்டும்.

ஆனால் அதே சிலியில் அந்தோஃபகஸ்தா என்ற ஊர் வேறு பாடம் சொல்கிறது. பாலைவனத்துக் கடற்கரை நகரம். தண்ணீர்த் தட்டுப்பாடு, நம்மைப் போல. 1958இல் மலையாற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதில் ஆர்சனிக் லிட்டருக்கு 860 மைக்ரோகிராம். 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வந்து குறைத்துவிட்டார்கள். ஆனாலும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு உச்சத்துக்குப் போனது 1990களின் தொடக்கத்தில். நாற்பது ஆண்டு கழித்தும் அபாயம் முழுசாக இறங்கவில்லை. தண்ணீரை நிறுத்தினால் புதுக்கிழிசல் நிற்கும். பொத்தாமல் விட்ட பழைய கிழிசலோடு பிரிந்துகொண்டிருக்கும் செல் எங்கோ இருந்துகொண்டே இருக்கும்.

நாத்தனார் கேட்ட கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. புற்றுநோயாக மாறும் இந்தச் சேதம் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை செல்களில் விழுவது. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் குடும்ப நோய் போல அது இறங்காது. ஆனால் ஆர்சனிக் நஞ்சுக்கொடியைத் தாண்டும். அந்தோஃபகஸ்தாவில் தாய் வயிற்றிலேயே அந்தத் தண்ணீரைப் பெற்ற பிள்ளைகள் முப்பது நாற்பது வயதிலேயே நுரையீரல் நோயில் அதிகமாகச் செத்திருக்கிறார்கள். ஆக, மாப்பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குக் கர்ப்பிணி குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் கவலைப்பட்டால் நல்லது.

இன்னொரு வழியிலும் மரபணுவில் கை வைக்கிறது. உள்ளே வந்த ஆர்சனிக்கை வெளியேற்றக் கல்லீரல் அதன்மேல் மீதைல் என்ற சின்ன அணுக் கூட்டங்களை ஒட்டுகிறது. இதை விஷமுறிவு என்றே முன்பு பாடம் நடத்தினார்கள். பிறகு பார்த்தால், ஒரு மீதைல் மட்டும் ஒட்டிய இடைநிலை வடிவம் முதலில் வந்ததைவிட நச்சு. அதோடு, எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்று டி.என்.ஏ.வின் மேல் குறி வைக்கவும் உடம்பு அதே மீதைல் இருப்பைத்தான் செலவழிக்கிறது. ஒரே கல்லாப்பெட்டி, இரண்டு செலவு. கல்லா காலியாகும்போது சில இடத்தில் இருக்க வேண்டிய குறி அழிகிறது. கட்டிகளை அடக்கும் பி-53 போன்ற மரபணுக்களின் வாயிலில் தேவையில்லாத குறி விழுந்து அவை மௌனமாகின்றன. எழுத்து ஒன்றுகூட மாறாமலே கெடுதல் நடந்துவிடுகிறது.

அந்தக் கல்லாவை நிரப்புவது ஃபோலிக் ஆசிட். வங்கதேசத்தில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்கு 12 வாரம் தினம் 400 மைக்ரோகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் ஆர்சனிக் ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்தது. கீரை தின்றால் விஷம் முறியும் என்று இதைத் திரித்துவிடாதீர்கள். தண்ணீரை மாற்றாமல் மாத்திரையைப் போட்டு என்ன பயன்?

எல்லா உடம்பும் ஒன்றுபோல் வெளியேற்றுவதும் இல்லை. அர்ஜென்டினாவின் ஆண்டஸ் மலையில் சான் அந்தோனியோ தெ லோஸ் கோப்ரெஸ் என்ற ஊர்ப்பக்கம் ஆயிரக்கணக்கான வருடமாக ஆர்சனிக் தண்ணீர்தான். அங்குள்ளவர்களிடம் மீதைல் ஒட்டும் நொதியின் மரபணு, ஆர்சனிக்கைச் சட்டென்று வெளியே தள்ளும் வகையாக இருப்பதை 2015இல் கண்டார்கள். எத்தனை தலைமுறை செத்துத் தேர்வான வகையோ.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. எங்கள் அப்பத்தா திட்டும்போது சொல்லும் ‘வெள்ளைப் பாஷாணம்’ ஆர்சனிக் ட்ரையாக்சைடுதான். அதே பொருள் இன்று ஒரு ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களில் தொடங்கியது. 2000இல் அமெரிக்காவும் அனுமதித்தது. அந்த நோயை உண்டாக்கும் கோணல் புரதத்தின் துத்தநாக விரலைப் பிடித்து அதை அழிக்கிறது. கெடுக்கும்போது செய்த அதே பிடிதான். ஆஸ்பத்திரியில், சரியான அளவில், நரம்பு வழியாக. சந்தையில் கடை விரித்து லேகியமும் மெழுகும் விற்கிறவரிடம் தாளகமும் (அதுவும் ஆர்சனிக்தான்) பாஷாணமும் சேர்ந்ததை வாங்கித் தின்றுவிட்டு லேபுக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போனால் என்ன?

நம்ம கடற்கரைக்கு வருவோம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போகிறார்களே, அதைப் பற்றி மருமகன் கேட்டான். கடற்பாசியில் ஆர்சனிக் மீனைவிடக் கூடுதல், பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்த வடிவத்தில். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் எடுப்பதால் ஒன்றும் ஆகாது. அவர்களுக்கு வரும் கஷ்டம் பாறைக்கீறலும் சொறியும்தான். நம்ம கடலில் வளரும் கட்டக்கோரைப் பாசியின் இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற ஒரு பாசியை ஜப்பானில் தின்கிறார்கள். அதில் மட்டும் கனிம ஆர்சனிக்கே அதிகம் என்று 2004இல் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு அதைத் தின்ன வேண்டாம் என்றது. நம்ம ஊர்க் கட்டக்கோரை ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்க ஆலைக்குப் போகிறது, யார் சட்டிக்கும் போவதில்லை. இப்போது பாசியில் சூப்பு, மாத்திரை, சத்துப்பொடி என்று கிளம்பியிருக்கிறார்கள். எந்தப் பாசி என்று பெயர் போடாத பொட்டலத்தை நான் வாங்க மாட்டேன்.

தண்ணீரைப் பொறுத்தவரை நமக்குத் தெரிந்த எதிரி உப்பு. ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு, லாரிக்குக் காத்திருந்து வளர்ந்த ஊர் இது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் குடத்துக்குக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிமாநிலத்துக்கு, குறிப்பாக வங்காளம், பீகார் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் சில விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சம் இன்னும் கெட்டியாகும். ஆர்.ஓ. இயந்திரம் ஆர்சனேட்டை நன்றாகவே பிடிக்கும், ஆர்சனைட்டை அந்த அளவுக்குப் பிடிக்காது. அரிசியும் வயல் தண்ணீரிலிருந்து ஆர்சனிக்கை இழுக்கும். அதற்கு நம் வீட்டு வழக்கமே போதும். நன்றாகக் கழுவி, நிறைய நல்ல தண்ணீர் விட்டு வேகவைத்து, வடித்த சோற்றில் பாதியளவுக்கு ஆர்சனிக் குறைந்திருப்பதை வங்காளத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். குக்கரில் வைத்தால் அது எங்கேயும் போகாது. வடித்த கஞ்சியை அங்கே மட்டும் குடிக்காதீர்கள், உப்புப் போட்டாலும்.

புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் தண்ணீரைச் சோதிக்க மாவட்டத் தலைநகரில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போகலாம். உப்பு, கடினத்தன்மை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டைக் கையில் கொடுத்தால் ஆர்சனிக், ஃப்ளோரைடு இரண்டையும் பார்க்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உடம்பில் பார்க்க வேண்டுமென்றால் ரத்தத்தைக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் ஏறியதில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். அண்மையில் உள்ளே போனதற்கு யூரின், மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்ததற்கு நகம். யூரின் என்றால் நாலு நாள் முன்னாடியே நண்டை நிறுத்திவிட்டு வாருங்கள்.